பொன்னாடை வந்தது, பேரேடு வரவில்லை

எங்கள் ஊர்க் கத்தோலிக்கக் கோயில் பங்கில் பேரவைத் துணைத்தலைவர் பொறுப்புக்கு வந்த முதல் பெண் நான். தையல் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன்பு பல வருடங்கள் எங்கள் தெருக் குடும்பங்கள் சேர்ந்த குழுவான அன்பியத்தின் பொறுப்பாளராக இருந்தேன். வாரம் ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம் நடத்துவது, நோயாளிகளைப் போய்ப் பார்ப்பது, துக்க வீட்டில் செபமாலை சொல்வது, இதெல்லாம் பழக்கம்தான். “இவ்வளவு செய்றவளுக்கு அது என்ன பெரிய காரியமா” என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் முதல் வருடத்திலேயே கைக்காசு போனது, கிறிஸ்துமஸ் நேரத்துத் தையல் வருமானம் போனது, பல வருடம் பழகிய இரண்டு வீட்டில் பேச்சுவார்த்தையும் போனது. இப்படியெல்லாம் வரும் என்று ஒருவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. புதிய பொறுப்பாளர் ஒருவரை மக்களுக்கு எப்படி அறிமுகம் செய்கிறோம் என்பதிலேயே பாதிப் பிரச்சினை இருக்கிறது என்பது என் எண்ணம். பொறுப்புக்கு வரப்போகிறவர்களுக்கும், அவர்களைக் கொண்டுவந்து நிறுத்தப்போகும் பங்குத்தந்தைகளான சாமியார்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்து நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். பங்கில் உள்ள வீடுகளைத் தெருவாரியாகப் பிரித்து அன்பியங்களாக வைத்திருக்கிறோம். ஒவ்வொரு அன்பியத்திலிருந்தும் ஆட்கள் வருவார்கள். மாதா சபை, வின்சென்ட் தே பவுல் சபை, இளைஞர் இயக்கம் போன்றவற்றிலிருந்தும் வருவார்கள். இவர்கள் சேர்ந்ததுதான் பங்குப் பேரவை. பங்குத்தந்தைதான் தலைவர். துணைத்தலைவர், செயலர், பொருளாளர் மூவரையும் பேரவை தன்னுள்ளிருந்தே தேர்ந்தெடுக்கும். எங்களுக்கு மூன்று வருடப் பொறுப்பு. அந்தத் தடவை இரண்டு பெரிய குடும்பங்களுக்கு நடுவே இழுபறி. யார் வந்தாலும் மற்றவர் விடமாட்டார் என்ற நிலையில், எந்தப் பக்கமும் சேராத ஆள் என்று என் பெயரைச் சொன்னார்கள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல வேண்டியதில்லை.

கிறிஸ்து அரசர் திருவிழா அன்று காலைப் பூசையில் அறிமுகம். நன்றி மன்றாட்டு முடிந்து, கடைசி ஆசீருக்கு முன்னால் அறிவிப்புகள் வாசிக்கிற நேரம். அந்த நேரத்தில் எங்கள் கோயில் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். நற்கருணை வாங்கிய கையோடு பின்வரிசை ஆண்கள் பாதிப்பேர் வெளியே போய்ச் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள். ஒரு கல்யாணம் நடக்கப்போவதை ஊருக்குச் சொல்கிற மூன்றாம் ஓலை வாசித்தார்கள், தண்ணீர்த் தொட்டி கழுவுவதைப் பற்றி ஓர் அறிவிப்பு, அதற்கு அடுத்து நான். பங்குத்தந்தை அந்த ஜூன் மாதம்தான் மாற்றலாகி வந்தவர். “நம்ம டெய்லரம்மாதான் இனி துணைத்தலைவர், எல்லாரும் ஒத்துழைப்பு குடுங்க” என்றார். பொன்னாடை போட்டார்கள், கைதட்டினார்கள், ஆசீர் கொடுத்தார், முடிந்தது. முந்தைய துணைத்தலைவர் அண்ணாச்சி அன்று கோயிலுக்கே வரவில்லை. அவர் செய்த வேலைக்கு ஒரு வரி நன்றியும் சொல்லப்படவில்லை. அவரைப் பிடிக்காமல்தான் என்னைக் கொண்டுவந்தார்கள் என்று அன்று மத்தியானத்துக்குள்ளேயே ஊரில் பேச்சு ஓடிவிட்டது.

இங்கே ஒரு விஷயம். அறிமுகத்தில் முதலில் பேச வேண்டியது போகிறவரைப் பற்றி. அவர் எத்தனை வருடம் இருந்தார், என்ன செய்தார் என்று சொல்லி, அவர் கையாலேயே புதியவருக்குப் பொன்னாடை போடச் சொல்ல வேண்டும். அவர் வரமாட்டார் என்றால் முந்தின நாளே பங்குத்தந்தை அவர் வீட்டுக்குப் போய் ஒரு காபி குடித்துவிட்டு வந்தால் பாதிக் கசப்பு தீரும். புதியவரைப் பற்றிச் சொல்லும்போதும் பெயர், எந்த அன்பியம், எது வரை பொறுப்பு, எந்தக் காரியத்துக்கு அவரிடம் போகலாம், எதற்குப் போகக் கூடாது என்பதெல்லாம் எழுதி வைத்து வாசிக்க வேண்டும். வாய்க்கு வந்தபடி சொன்னால் “ஒத்துழைப்பு குடுங்க” என்பதோடு நின்றுவிடும்.

கிளை ஊர்களை மறந்துவிடாதீர்கள். எங்கள் பங்கில் தாய்க்கோயில் தவிர மூன்று கிளை ஊர்கள். அங்கெல்லாம் எல்லா ஞாயிறும் பூசை கிடையாது. நான் பொறுப்பேற்றது அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. டிசம்பரில் கிறிஸ்துமஸ் வரி பிரிக்க ரசீதுப் புத்தகத்தோடு போனேன். திண்ணையில் பீடி சுற்றிக்கொண்டிருந்த ஒரு அம்மா, மடியில் இருந்த தட்டை இறக்காமலே என்னை மேலும் கீழும் பார்த்தார். “பணம் பிரிக்க அண்ணாச்சியில்ல வருவாக, நீங்க யாரு மதினி?” நான் விளக்கினேன். “அப்ப அவுக வந்து சொல்லட்டும்” என்று சொல்லிவிட்டுத் திரும்ப இலையை வெட்ட ஆரம்பித்தார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. முன்பின் தெரியாத ஆள் வந்து கேட்டதும் எடுத்துக் கொடுக்க அவருக்குப் பணம் என்ன சும்மாவா வருகிறது? ஆனால் அந்தத் தெரு முழுக்க அப்படியே நடந்தபோது எனக்கு முகம் சுண்டிப்போனது. பேருந்துக்குக் காத்திருக்காமல் வேகாத வெயிலில் நடந்தே வந்தேன்.

இதைவிடப் பெரிய அடி கணக்கில் வந்தது. பொதுக்கணக்குப் பேரேடு, ரசீதுப் புத்தகங்கள், சாமான் பட்டியல், ஸ்டோர் ரூம் சாவி எல்லாம் பழைய பொருளாளர் கையில். கேட்டால் “நாளைக்கு”. அந்த நாளை பொங்கல் தாண்டியும் வரவில்லை. வங்கிக் கணக்கில் பழைய ஆட்களின் கையெழுத்து. அதை மாற்றப் பேரவைத் தீர்மானம், பங்குத்தந்தையின் கடிதம், புதியவர்களின் ஆதார், பான், போட்டோ எல்லாம் வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்று குறைகிறது என்று திருப்பி அனுப்பினார்கள். இதற்குள் கிறிஸ்துமஸ் வந்துவிட்டது. குடிலுக்கு மூங்கில், வைக்கோல், சீரியல் செட், ஒலிபெருக்கி, மறைக்கல்விப் பிள்ளைகளுக்குப் பரிசு, கீபோர்டு வாசிக்கிற பையனுக்குச் சம்பளம், பூசை முடிந்து கேக். பங்குத்தந்தையிடம் கேட்டேன். “இப்போதைக்குப் பார்த்துக்குங்கம்மா, கணக்கு கைக்கு வந்ததும் எடுத்துக்கலாம்” என்றார். என் கையில் 8,000 ரூபாய் இருந்தது. மீதிக்குச் சங்கிலியை அடகு வைத்து 30,000 வாங்கினேன். என் வீட்டுக்காரர் கொத்தனார். அவரிடம் சொன்னபோது ஒன்றும் பேசவில்லை. சாப்பிடாமல் எழுந்து போனார், அவ்வளவுதான்.

அந்த 38,000 ரூபாயில் 26,000 மே மாதத் திருவிழா முடிந்து கிடைத்தது. மீதி 12,000-க்குப் பில் இல்லை என்று கணக்குக் குழுவில் தள்ளிவிட்டார்கள். மூங்கில் வெட்டிக் கொடுத்தவரும் வைக்கோல் விற்றவரும் எந்தக் காலத்தில் பில் கொடுத்தார்கள்? வவுச்சரில் அவர்களிடம் கையெழுத்து வாங்கியிருந்தால் போதும் என்று குழுவில் சொன்னார்கள். அந்த வவுச்சர் புத்தகமே பழைய பொருளாளர் வீட்டு பீரோவில் இருந்தது. அடகு வட்டி தனி. இதற்கு நடுவில் ஒருநாள் பந்தல்காரர் கடைக்கு வந்து நின்றார். போன வருடத் திருவிழாப் பாக்கி 22,000 ரூபாயாம். ஜாக்கெட் வாங்க வந்த நாலு பெண்கள் முன்னால், “பொறுப்புக்கு வந்தா பொறுப்பா இருக்கணும்லா” என்றார். அன்றைக்குத் துணி மறைவுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். ராஜினாமாக் கடிதம் எழுதிப் பையிலேயே வைத்திருந்தேன்.

எங்கள் உறவில் கன்னியாஸ்திரியான ஒரு சிஸ்டர் இருக்கிறார், வேறு மறைமாவட்டத்தில் வேலை செய்கிறார். அவரிடம் போனில் கொட்டித் தீர்த்தபோது அவர்தான் திருச்சபைச் சட்டத்தில் என்ன இருக்கிறது என்று சொன்னார். 1983-இல் வெளிவந்த சட்டத் தொகுப்பில் 1283-ஆவது சட்டம். திருச்சபைச் சொத்தை நிர்வகிக்க வருகிறவர் வேலையைத் தொடங்குவதற்கு முன்பே சொத்துப் பட்டியல் துல்லியமாக எழுதப்பட்டு, அதில் அவர் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு படி நிர்வாகத்திடம், இன்னொரு படி ஆயர் இல்லத்தில். அடுத்த சட்டம் வரவு செலவுப் புத்தகங்களை ஒழுங்காக வைக்கச் சொல்கிறது. 1287 இன்னும் ஒரு படி மேலே போய், மக்கள் காணிக்கையாகக் கொடுத்ததற்கு மக்களிடமே கணக்குச் சொல்ல வேண்டும் என்கிறது. சட்டப்படி பங்கின் நிர்வாகி பங்குத்தந்தைதான், நம்மைப் போன்றவர்கள் உதவிக்கு. ஆனாலும் அவருக்கே பொறுப்பேற்கும் முன் பட்டியல் என்றால், நமக்கு மட்டும் எதற்கு வெறும் பொன்னாடை? பட்டியல் என்றால் மாதா சொரூபத்தின் வெள்ளிக் கிரீடத்திலிருந்து, திருவிழாப் பொது விருந்தான அசனத்துக்குச் சோறு வடிக்கிற அண்டா வரைக்கும் எண்ணி எழுதுவது. எங்கள் கோயிலில் அண்டா ஒன்று இரண்டு வருடமாக ஒருவர் வீட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தது பிறகுதான் தெரியவந்தது.

ஆகவே யாராவது உங்களைப் பொறுப்புக்கு அழைத்தால், அறிமுக ஞாயிறுக்கு முன்பே ஒரு கைமாற்றக் கூட்டம் கேளுங்கள். பழையவர், புதியவர், பங்குத்தந்தை மூவரும் உட்கார்ந்து இருப்பு, பாக்கி, கடன், சாவி எல்லாவற்றையும் எழுதி மூவரும் கையெழுத்துப் போட வேண்டும். கொடுக்க வேண்டிய பாக்கி யார் காலத்தது என்று தனியாக ஒரு வரி எழுதுங்கள். அந்த ஒரு வரி இருந்திருந்தால் பந்தல்காரர் என் கடை வாசலுக்கு வந்திருக்க மாட்டார். இது நடக்காமல் பீடத்துக்கு முன்னால் போய் நிற்காதீர்கள். சாமியார் கோபித்துக்கொள்வார் என்று பயமாக இருக்கும். நான் பார்த்தவரை, கேட்பதற்கு ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் அவர்களுக்கும் நிம்மதிதான்.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். டிசம்பர்தான் எங்களுக்குக் கல்லாவில் பணம் விழுகிற மாதம். பிள்ளைகளின் கவுன், பாடகர் குழுவுக்கு ஒரே மாதிரி சுடிதார், பெண்களின் ஜாக்கெட் என்று இரவு ஒரு மணி வரை மிஷின் ஓடும். அந்த வருடம் பாதி ஆர்டரை வேறு தையல்காரியிடம் கொடுத்துவிட்டு முன்பணத்தைத் திருப்பினேன். குறைந்தது 20,000 ரூபாய் போயிருக்கும். காரணம், கடைதான் பங்கு அலுவலகம் என்று மக்கள் முடிவு செய்துவிட்டார்கள். ஞானஸ்நானச் சான்றிதழ், கல்யாணத்துக்குப் பங்குக் கடிதம், கல்லறைத் தோட்டத்தில் இடம், வாய்க்கால் தகராறு, மகன் குடிக்கிறான், எல்லாம் என்னிடம். சான்றிதழ் பங்குத்தந்தை கையெழுத்தில்தான் வரும் என்று சொன்னால், “பதவி வந்ததும் அலைய விடுதா” என்று முகத்தைத் திருப்பினார்கள். பிறகு சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் கோயில் அலுவலகத்தில் இருப்பேன் என்று போர்டு எழுதி மாட்டினேன். அறிமுகத்தின்போதே நேரத்தையும் இடத்தையும் சொல்லியிருந்தால் அந்த டிசம்பர் தப்பித்திருக்கும். தொழில் செய்கிறவர்கள் தங்கள் சீசன் எப்போது என்று பார்த்து, பொறுப்பேற்கும் தேதியைத் தள்ளிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பெண் என்பதால் வந்த பேச்சு தனி ரகம். ஒரு அடக்கத்தின்போது சிலுவைக்குப் பின்னால் துணைத்தலைவர் நடப்பது எங்கள் ஊர் வழக்கம். நான் போய் நின்றதும் இரண்டு பெரியவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். “பொம்பளை முன்னால போனா நாங்க எதுக்கு” என்றது காதில் விழுந்தது. பதில் பேசவில்லை, துக்க வீட்டில் பேசுகிற இடமா அது. ஆனால் உள்ளுக்குள் கொதித்தது. இதற்கு நான் பதில் சொல்வதைவிடப் பங்குத்தந்தை முதல் நாளே சொல்லியிருந்தால் எடுபட்டிருக்கும். 2021 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ், வாசகர், பூசையில் குருவுக்கு உதவுகிற பீடத்துணைவர் பணிகளைப் பெண்களுக்கும் முறைப்படி திறந்துவிட்டார். அதே வருடம் மே மாதம் மறைக்கல்வி சொல்லிக்கொடுக்கிற உபதேசியார் பணியை, குருவோ துறவியோ அல்லாத பொதுநிலையினருக்கான திருப்பணியாக, ஆண் பெண் இருவருக்கும் ஏற்படுத்தினார். பீடத்தில் நிற்கவே உரோமை சம்மதித்திருக்கும்போது கல்லறைக்குப் போகும்போது முன்னால் நடப்பதில் என்ன வந்தது? எங்கள் கோயிலில் தேவசகாயம் பிள்ளை படம் பெரிதாக மாட்டியிருக்கிறோம். 2022 மே 15-ஆம் தேதி உரோமையில் புனிதர் பட்டம் கொடுத்தபோது வெடி போட்டோம். கன்னியாகுமரி மாவட்டத்து நட்டாலத்துக்காரர், மனைவியோடு குடும்பம் நடத்தியவர், இந்தியாவிலிருந்து புனிதரான முதல் பொதுநிலையினர். அவர் குருவும் இல்லை, துறவியும் இல்லை. அந்தப் படத்தைக் காட்டி இரண்டு வாக்கியம் பிரசங்கத்தில் சொன்னால், பொதுநிலையினர் பொறுப்பு என்றால் என்ன என்று பாட்டிமாருக்கும் புரியும்.

இன்னொன்று, அதிகாரம் எவ்வளவு என்பது. அந்த மே மாதத் திருவிழாவுக்கு அசனத்தைச் சுருக்கி மிச்சத்தில் மறைக்கல்வி அறைக்குக் கூரை மாற்றலாம் என்று பங்குத்தந்தை முடிவெடுத்தார். பேரவையில் பாதிப்பேர் வேண்டாம் என்றோம். அவர் முடிவு அவருடையது. ஏச்சு மட்டும் எனக்கு வந்தது, “துணைத்தலைவர் நெனச்சா நிறுத்தியிருக்கலாம்” என்று. நிறுத்தியிருக்க முடியாது. 536-ஆவது சட்டப்படி பங்குப் பேரவைக்கு ஆலோசனை சொல்கிற உரிமைதான், தலைமை பங்குத்தந்தைக்கு. நிதிக்குழு மட்டும் ஒவ்வொரு பங்கிலும் கட்டாயம் இருக்க வேண்டும் என்று 537 சொல்கிறது. அதுவும் அவருக்கு உதவி செய்யத்தான். பேரவை வேண்டுமா என்பதை அந்தந்த ஆயரிடம் விட்டிருக்கிறார்கள். 2024 அக்டோபரில் முடிந்த ஆயர் மாமன்றத்தின் இறுதி ஆவணம் இவற்றையெல்லாம் கட்டாயமாக்கச் சொல்கிறது. அதனால் ஆலோசனையை மதிக்கிற பழக்கம் வளரலாம். ஆனாலும் முடிவெடுக்கிறவர் யார் என்பதை மக்கள் முன்னால் பங்குத்தந்தை வாயாலேயே சொல்ல வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அவர் முடிவுக்கு நீங்கள் திட்டு வாங்குவீர்கள். பேரவையில் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பது நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் ஏறியதா என்றும் அடுத்த கூட்டத்தில் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

நிலைமை மாறியது எங்கள் ஊர் பழைய உபதேசியாரால். வயது எண்பதைத் தாண்டியவர். தவக்காலத்தில் ஒருநாள் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். “கோயில்ல வச்சு அறிமுகம் பண்ணுனா அது சாமியாருக்கு. வீட்டுல வச்சுப் பண்ணுனாத்தான் சனத்துக்கு” என்றார். அவரே பங்குத்தந்தையிடம் பேசினார். அப்புறம் ஒவ்வொரு அன்பியக் கூட்டத்துக்கும் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். கிளை ஊர்களுக்கும் வந்தார், அந்த வயதில், ஷேர் ஆட்டோவில். பாயில் உட்கார்ந்து நற்செய்தி வாசித்து முடித்ததும் என்னை எழுந்து நிற்கச் சொல்ல மாட்டார். அந்தந்த அன்பியத்துப் பொறுப்பாளரைப் பேசவிட்டு, குறைகளை நான் நோட்டில் எழுத வேண்டும். தெருவிளக்கு, குருசடிக் கதவு, கல்லறைத் தோட்டத்து முள், முதியவர்களுக்கு வீட்டில் நற்கருணை. செய்ய முடிந்ததையும் முடியாததையும் அங்கேயே சொல்ல வேண்டும். அந்தப் பீடி சுற்றுகிற அம்மா வீட்டிலும் ஒரு கூட்டம் நடந்தது. திருவிழா வரியை அன்றே கட்டிவிட்டு, “ரசீதுல என் மருமக பேரையும் சேத்து எழுதுங்க” என்றார்.

முந்தைய துணைத்தலைவர் அண்ணாச்சி வீட்டு அன்பியத்தைக் கடைசிக்கு வைத்திருந்தார் உபதேசியார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அண்ணாச்சி கூட்டம் முடியும்வரை உள்ளறையில் இருந்தார். அவர் மனைவி, மதினிதான் காபி கொடுத்துவிட்டு உள்ளே போய் ஏதோ சொன்னார். அவர் வெளியே வந்து, “பதினஞ்சு வருசம் ஓடுனேன், ஒரு சால்வை போட்டு அனுப்பியிருந்தா சந்தோசமாப் போயிருப்பேன்” என்றார். என் மேல் அவருக்குக் கோபமே இல்லை. பழைய பொருளாளர் வீட்டுக்கு அவரே போன் போட்டார், மறுநாள் சாக்குப்பையில் பேரேடும் ரசீதுப் புத்தகங்களும் வந்தன. பந்தல் பாக்கியில் பாதி ஏற்கெனவே கொடுத்திருந்ததற்கான ரசீதும் அதற்குள் இருந்தது. மீதி 11,000-ஐத் திருவிழா வசூலில் தீர்த்தோம். திருவிழாக் கடைசி நாள் அண்ணாச்சிக்குப் பொன்னாடை போட்டோம், அவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே போட்டுக்கொண்டார். பேச்சு நின்ற இரண்டு வீடுகளில் ஒன்று திரும்பிவிட்டது. இன்னொன்று இன்னும் இல்லை.

அடுத்த நவம்பரில் பேரவை மாறுகிறது. பங்குத்தந்தையிடம் பேசி, தேர்தல் முடிந்ததிலிருந்து அறிமுகம் வரை ஒரு மாதம் இடைவெளி கேட்டிருக்கிறேன். அந்த மாதத்துக்குள் சாமான் எண்ணுவது, கணக்கு முடிப்பது, புதியவர்களை அன்பியங்களுக்குக் கூட்டிக்கொண்டு போவது மூன்றும் நடக்க வேண்டும். கிளை ஊர் ஒவ்வொன்றிலும் பூசை வருகிற ஞாயிறைப் பார்த்துத் தனியாக அறிமுகம். கையெழுத்து மாறும் வரை பழைய பொருளாளரும் பங்குத்தந்தையும் சேர்ந்து ஒரு சிறு தொகையை முன்கூட்டி எடுத்து அலுவலகத்தில் வைத்துவிட்டால், புதியவர் யாரும் அடகுக்கடைப் பக்கம் போக வேண்டியதில்லை. வங்கி வேலைக்கும் இப்போதே ஒன்று சொல்லிவிடுகிறேன். தீர்மான நகலில் பழையவர்களை நீக்குகிறோம், புதியவர்களைச் சேர்க்கிறோம் என்று இரண்டையும் எழுதுங்கள், ஆதாரில் உள்ள அதே எழுத்தில் பெயரை எழுதுங்கள், பங்கு முத்திரையை எல்லாப் பக்கத்திலும் வையுங்கள். எங்களைக் கடைசியாகத் திருப்பி அனுப்பியது இரண்டாம் பக்கத்தில் முத்திரை இல்லை என்றுதான்.